திருத்தத்துக்கும் உரிய இடம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிழையான செய்தி முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வருகிறது. அதற்கான வருத்தமோ உள்பக்க மூலையில், பொடி எழுத்தில், என்ன பிழை என்றுகூடச் சொல்லாமல் வருகிறது. பெயர் கெட்டவருக்கு இது நியாயமே அல்ல. இணையத்தில் நிலைமை இன்னும் மோசம்: வரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறார்கள். முன்பு படித்தவருக்கு அது தெரிய வழியே இல்லை.

2003 மே மாதம் அமெரிக்க நாளிதழான நியூயார்க் டைம்ஸ், தன் நிருபர் ஜேசன் பிளேர் இட்டுக்கட்டியவற்றையும் பிறரிடமிருந்து திருடியவற்றையும் முதல் பக்கத்திலிருந்தே விரிவாக வெளியிட்டது. அதே ஆண்டு வாசகர் புகார்களைத் தனித்து விசாரிக்க ஒருவரையும் நியமித்தது. சமூக ஊடகங்களில் வாசகர்களே கண்காணிக்கிறார்கள் என்று காரணம் சொல்லி, அந்தப் பதவியை 2017-இல் நீக்கிவிட்டது. அது தவறான முடிவு என்றே கருதுகிறேன். சமூக ஊடகங்களின் கூச்சல், பொறுப்பான ஒருவரின் பதிலுக்கு ஈடாகாது.

‘நம்பத்தகுந்த வட்டாரங்கள்’ என்ற சொல்லாட்சியையும் குறையுங்கள். தகவல் தந்தவரின் உயிருக்கோ வேலைக்கோ ஆபத்து என்றால் அவர் பெயரை மறைக்கத்தான் வேண்டும். அந்தக் காரணத்தை ஒரு வரியில் சொல்லலாமே! பெயர் சொல்லாமல் அடுத்தவரை ஏச மட்டும் விரும்புகிறவருக்கு அந்தச் சலுகை எதற்கு? குற்றம் சாட்டப்பட்டவரிடம் விளக்கம் கேட்கும்போதும், அச்சுக்குப் போகும் நேரத்தில் ஒருமுறை தொலைபேசியில் அழைத்துவிட்டு, ‘பதில் இல்லை’ என்று எழுதாதீர்கள். விளம்பரத்தைச் செய்தி போல் அச்சிடுவது தவறு என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் நாளிதழின் நெறிமுறைகளையும், புகார்களுக்குப் பதில் சொல்பவர் யார் என்பதையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்