2.67 மில்லிநொடிக்குள் முடிய வேண்டிய வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் ஒலிப்பதிவு மென்பொருள் ஒப்பீட்டில் எதில் எத்தனை பிளக்இன் (ஒலியை மாற்றும் அல்லது உருவாக்கும் துணை நிரல்), எத்தனை லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத்துண்டு) என்று அட்டவணை போட்டிருந்தீர்கள். உழைப்பு தெரிந்தது. ஆனால் இன்றைய கணினி வேகத்துக்கு மென்பொருளின் பாரம் ஒரு பொருட்டே இல்லை என்ற முடிவை ஏற்க முடியவில்லை.

ஒலியை நொடிக்கு 48,000 சாம்பிளாக (அளவெடுப்பாக) எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை, அதாவது ஒரு சுற்றில் கையாளும் தொகுதியை, 128 சாம்பிளுக்கு வைத்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் மென்பொருளுக்குக் கிடைப்பது 2.67 மில்லிநொடி. எல்லா டிராக்கும் எல்லா பிளக்இன்னும் அதற்குள் முடிந்தாக வேண்டும். ஒரே ஒரு சுற்று தாமதித்தாலும் 'டிக்' என்று சத்தம் உடையும். பதிவின்போது அப்படி ஆனால் அந்த டேக்கே (ஒருமுறை பாடிப் பதிந்ததே) வீணாகலாம். ஆயிரம் சுற்றை ஒவ்வொன்றும் 1 மில்லிநொடியில் முடித்துவிட்டு ஒன்றுக்கு மட்டும் 3 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், சராசரி பிரமாதமாகத்தான் இருக்கும். சிபியு மீட்டர் 30 சதவீதம் காட்டும்போதே சத்தம் உடைவது இதனால்தான்.

பெரும்பாலும் புராசஸருக்குப் பலம் போதாமல் இது நடப்பதில்லை. ஆடியோ த்ரெட்டை, அதாவது மென்பொருளுக்குள் ஒலியைக் கவனிக்கும் தனி வேலைத்தொடரைக் காக்க வைப்பதுதான் குற்றம். அதற்குள்ளிருந்து புதிதாக மெமரி கேட்பது, டிஸ்க்கைப் படிப்பது, திரையை வரையும் த்ரெட் பிடித்துவைத்திருக்கும் லாக்குக்காக (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே தொடலாம் என்ற பூட்டுக்காக) நிற்பது: இவை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. புராசஸரின் கோர்களைக் கூட்டினாலும் ஓரளவுதான் பயன். ஒரே டிராக்கில் எட்டு பிளக்இன் வரிசையாக இருந்தால், முன்னதன் வெளியீடு வந்தால்தான் அடுத்தது தொடங்க முடியும். மற்ற கோர்கள் அந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வழியில்லை. பாட்டு நின்று ரிவெர்ப் (எதிரொலி போன்ற நீட்சி) அடங்கும் நேரத்தில் சுமை ஏறும் விநோதமும் உண்டு. அடங்கும் ஒலி பூஜ்யத்தை ஒட்டிய மிக நுண்ணிய எண்களாகிவிடும், அவற்றைக் கையாளப் பல புராசஸர்கள் கூடுதல் நேரம் எடுக்கும். அவற்றை நேராகப் பூஜ்யமாக்கிவிடச் சொன்னால் தீர்ந்தது. ஆனாலும் இதைக் கவனிக்காத பிளக்இன்கள் இருக்கின்றன.

பஃபரை 1024 ஆக்கலாமே என்பார்கள். மிக்ஸிங்குக்குச் சரி. பாடும்போது போக 21.3, வர 21.3 மில்லிநொடி, பாடகருக்கு ஹெட்ஃபோனில் தன் குரலே தள்ளிக் கேட்கும்.

இத்தனைக்கும் பதிவு செய்வது லேசான வேலை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் 24 மோனோ டிராக்குக்கு நொடிக்குச் சுமார் 3.5 மெகாபைட்தான். டிஸ்க்கில் 50 ஜிகாபைட் சாம்பிள் (முன்பே பதிந்த வாத்திய ஒலிகள்) கிடந்தாலும் கெடுதல் இல்லை, அந்த 2.67 மில்லிநொடிக்குள் என்ன ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

அடுத்த ஒப்பீட்டுக்கு ஒரு சோதனை சொல்கிறோம். எல்லா மென்பொருளிலும் ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸ், 48 கிலோஹெர்ட்ஸ், 128 சாம்பிள். ஒரே பிளக்இன்னை டிராக் டிராக்காக ஏற்றி, உடையத் தொடங்கும் எண்ணைக் குறியுங்கள். பிறகு அதில் பாதிச் சுமையோடு 24 டிராக்கை அரை மணி நேரம் பதிவு செய்யுங்கள். நடுவில் அலைவடிவத்தை ஜூம் செய்து, மிக்ஸர் ஜன்னலைத் திறந்து மூடி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்இன் சேர்த்து, உடைந்த இடங்களை எண்ணுங்கள். ஆர்டர் (Ardour) என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் எக்ஸ்ரன் (நேரத்துக்கு முடியாத சுற்று) எண்ணிக்கை தெரியும். ரீப்பர் (Reaper) மென்பொருளின் பெர்ஃபார்மன்ஸ் மீட்டர் மிக அதிக நேரம் எடுத்த சுற்றையே காட்டும். விண்டோஸில் சோதித்தால் முதலில் வைஃபையை அணைத்துவிடுங்கள். அதன் டிரைவர் செய்யும் தாமதத்துக்கும் பழி மென்பொருள் மேல்தான் விழும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் இருவர்