எண்ணெய் கசிந்த வயலுக்கு மண்வள அட்டை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டாவில் எண்ணெய்க் கிணறுகளையும் குழாய்ப் பாதைகளையும் ஒட்டிய வயல்களைப் பற்றி வந்த கட்டுரையில், மண்ணைச் சோதித்ததில் குறை ஏதும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. எந்தச் சோதனை என்று கட்டுரை சொல்லவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

மண்வள அட்டை பார்ப்பது பன்னிரண்டு: கார அமிலத்தன்மை, உப்பின் அளவு, கரிமம், தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். பெட்ரோலிய எண்ணெய், பென்சீன், குரோமியம், பேரியம், ஈயம் எதுவும் அதில் கிடையாது. இன்னொரு கூத்தும் உண்டு. டைகுரோமேட் என்ற வேதிப்பொருளை ஊற்றிக் கரிமம் பார்க்கும் முறைக்குத் தொழு உரத்துக் கரிமமும் கச்சா எண்ணெய்க் கரிமமும் ஒன்றுதான். கிணற்றிலிருந்து எண்ணெயோடு வரும் உப்புநீர் கலந்திருந்தால், அதிலுள்ள குளோரைடும் அளவை ஏற்றிவிடும். கெட்டுப்போன வயல், அட்டையில் கரிமம் செழித்த வயலாகத் தெரியும்.

மாதிரி எடுக்கும் முறையும் தலைகீழ். உரப் பரிந்துரைக்கு ஏக்கரில் பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ வடிவில் 15 செ.மீ. வெட்டி, எல்லாவற்றையும் கலந்து, கால் பங்காகக் குறைத்து, நிழலில் உலர்த்தி, அரைக்கிலோவை பையில் போடுகிறோம். மாசு தேடும்போது இதில் ஒவ்வொன்றும் தடயத்தை அழிக்கும். கலந்தால் எண்ணெய் தேங்கிய மடை மண் மற்ற மண்ணோடு நீர்த்துப்போகும். உலர்த்தினால் பென்சீன், டொலுவீன் பறந்துவிடும். நரிமணம் பக்கத்துக் கச்சா எண்ணெய் லேசான வகை என்பதால் இழப்பு இன்னும் அதிகம்.

எண்ணெய் வயலில் சமமாகப் பரவுவதில்லை. தண்ணீரில் மிதந்து தாழ்ந்த மடைக்கும் வடிகால் வாய்க்காலுக்கும் போய் ஒதுங்கும். எனவே கசிந்த இடம், தண்ணீர் வடியும் பக்கம், வடிகால் படிவு என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். பாய்ச்சல் வரும் மேல்பக்கத்தில், அதே மண், அதே உரம் கண்ட வயலிலிருந்து ஒப்பீட்டு மாதிரி ஒன்று அவசியம். சாணமும் வைக்கோலும்கூட எண்ணெய்ச் சோதனையில் கொஞ்சம் காட்டும். அதைக் கழித்துப் பார்க்கத்தான் இந்த ஒப்பீட்டு மாதிரி. இதை முதலில் எடுங்கள், கறைபட்ட இடத்தைக் கடைசியில்.

ஆழம் 0–15, 15–30, 30–60, 60–100 செ.மீ. என்று பிரித்து எடுக்க வேண்டும். சேடை (சேற்றுழவு) ஓட்டி ஓட்டி இறுகிய அடித்தட்டு, ஈரக் காலத்தில் எண்ணெயைத் தடுக்கும். கோடையில் களிமண் பாளமாக வெடித்தபின் அந்த வெடிப்பு வழியே உள்ளே இறங்கிவிடும். மேல்மண்ணை வாரிவிட்டுப் புது வண்டல் கொட்டிய இடத்தில் 15 செ.மீ. மட்டும் எடுத்தால், கொட்டிய வண்டலுக்குத்தான் சான்றிதழ் கிடைக்கும்.

கருவி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பெயின்ட் அடித்த மண்வெட்டி வேண்டாம். ஒவ்வொரு குழிக்கும் பிறகு சோப்புநீர், நல்ல தண்ணீர், காய்ச்சி வடித்த நீர் என்று கழுவ வேண்டும். எண்ணெய்ச் சோதனைக்கு பிளாஸ்டிக் பை ஆகாது. டெஃப்லான் உறையிட்ட மூடியுள்ள கண்ணாடிக் குடுவையை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கி, காற்றிடம் இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் 4 டிகிரி அளவில் அனுப்புங்கள். பென்சீனுக்கு மெத்தனால் ஊற்றிய தனிக் குப்பி வேண்டும். டீசல் என்ஜின் ஓடும் பம்ப் செட் அருகில் குடுவையைத் திறப்பதும், டீசல் கேன் கிடக்கும் வண்டியில் ஏற்றுவதும் இங்கே வாடிக்கை. அதனால்தான், வழியில் எண்ணெய் ஒட்டியதா என்று காட்ட, மண் இடாத வெறும் குடுவை ஒன்றும் கூடவே போய் வர வேண்டும். பத்துக்கு ஒரு மாதிரியை இரட்டையாக எடுத்து வேறு எண்ணிட்டு அனுப்பினால், ஆய்வகத்தின் கை எப்படி என்பதும் தெரியும்.

காலமும் முக்கியம். கசிந்தவுடன் எடுப்பதே சரி. தண்ணீர் தேங்கிய நெல் வயலில் ஆறு இணைதிற குரோமியம் மூன்று இணைதிறனாக மாறிவிடும். சம்பா அறுத்தபின் ஆறு இணைதிற வகையை மட்டும் தேடினால் கிடைக்காது. மொத்தக் குரோமியத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பேரியம் அதிகம் என்று வந்தால் உடனே பதற வேண்டாம். கிணறு துளைக்கும்போது பயன்படுத்தும் துளைச் சேற்றில் சேர்க்கும் பேரைட் என்ற பேரியத் தாது லேசில் கரையாது. ஆனால் அந்தச் சேறு வயலுக்கு வந்ததற்கு அது நல்ல அடையாளம்.

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் நின்றது. டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்க 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், ஏற்கெனவே நடந்துவரும் கிணறுகளைத் தொடவில்லை. ஆகவே இந்தச் சோதனைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அறிக்கை வந்ததும் ஈர எடையா உலர் எடையா என்று பாருங்கள். 40 சதவீதம் நீருள்ள மண்ணில், உலர் எடையில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் என்பது ஈர எடையில் 600 ஆகிவிடும். ‘கண்டறியப்படவில்லை’ என்று இருந்தால், எத்தனை மில்லிகிராமுக்குக் கீழே என்ற எண் பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டுரையாளர் பார்த்த அறிக்கையில் ஆழம், எடுத்த தேதி, அந்தக் கண்டறியும் எல்லை ஆகியவை இருந்தால், அடுத்த இதழில் தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மண் ஆய்வுத் துறை வாசகர்கள்,
திருவாரூர்