அந்தச் சிலிக்கானை வாங்காதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்று வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அப்புறம் கடைசிப் பத்திக்கு வந்தேன். மோட்டார்ஹோமில், அதுதான் உன் வீட்டு வண்டியில், கூரை ஒழுகிக் கட்டிலுக்கு மேலே பழுப்புக் கறை, சனிக்கிழமை இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசை ஒரு டியூப் வாங்கி அடைத்துவிடப் போகிறேன் என்கிறாய். தயவுசெய்து வாங்காதே. அதைச் சொல்லத்தான் உடனே உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே இங்கிலாந்தில் நான் வாங்கிய பழைய வண்டியில் யாரோ கூரை ஜன்னலைச் சுற்றிச் சிலிக்கான் பூசியிருந்தார்கள். குளியலறை ஓடுகளுக்கு அது போதும். ஓடுகிற வண்டி அப்படியில்லை. மேடு பள்ளத்தில் உடம்பு முழுக்க முறுக்கிக்கொள்ளும். வெயிலில் அலுமினியம் ஒரு அளவு விரியும், பிளாஸ்டிக் வேறு அளவு. ஓரத்தில் பிடி விட்டுப்போனது. விட்டுப்போனதுகூடப் பரவாயில்லை. காய்ந்த சிலிக்கான் மேல் வேறு எதுவும் ஒழுங்காக ஒட்டாது. உரித்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு இருக்கும். அதைப் போக்கவே எனக்கு இரண்டு வார இறுதிகள் போயின.

ஈரம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை, 20ஐத் தாண்டினால் கட்டாயம் கவனிக்க வேண்டும் என்று இங்குள்ள பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு 28 காட்டியது. அதுவும் கறை தெரிந்த இடத்தில் இல்லை, நான்கு அடி தள்ளி. தண்ணீர் மரச்சட்டத்தின் வழியே ஓடி எங்கோ சொட்டும். அதனால் உன் கட்டிலுக்கு நேர் மேலே மட்டும் பார்க்காதே.

சரி, எதை வாங்குவது? உன்னுடையது ரப்பர் கூரை என்று முன்பு எழுதியிருந்தாய். அது ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் என்றால் அதற்கென்றே உள்ள லேப் சீலண்ட், அதாவது கூரை ஓரங்களை அடைக்கும் பசை, வாங்கு. உங்கள் பக்கம் டைகார் நிறுவனத்துடையது சுலபமாகக் கிடைக்கும். அதில் இரண்டு வகை உண்டு. தானாகப் பரவிச் சமமாகிற வகை கூரையின் மட்டமான பரப்புக்கு. சுவரிலும் ஓரச் சரிவிலும் அது வழிந்து இறங்கிவிடும், அங்கே வழியாத வகைதான் வேண்டும். ஆனால் இதெல்லாம் மேல்பூச்சுதான். தண்ணீரை உண்மையில் தடுப்பது ஜன்னல் சட்டத்துக்கு அடியில் இருக்கும் பியூட்டைல் டேப், ஒட்டும் ரப்பர் பட்டை. அது இறுகாமல் மிருதுவாகவே இருப்பதால் வண்டியோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும். பழையது காய்ந்து பொடிந்திருந்தால் சட்டத்தைக் கழற்றிப் புதிது வைத்துத் திருகு. பிதுங்கி வருவதை ஒரு வாரம் கழித்து நறுக்கிக்கொள்ளலாம்.

பாலியூரித்தேன் சீலண்ட் பலமானது, ஒத்துக்கொள்கிறேன். நான் கூரை ஜன்னலில் அதைத் தொடமாட்டேன். பிறகு கழற்றவே முடியாது, சில பிளாஸ்டிக்குகளில் விரிசலும் விடும். பெட்ரோல், தின்னர் கொண்டு ரப்பரைத் துடைத்துவிடாதே, உப்பிக்கொள்ளும்.

எதுவானாலும் உள்ளே நன்றாகக் காய்ந்த பிறகு அடை. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மரம் மக்கிக்கொண்டே இருக்கும். மேலே ஏறும்போது ஒரு பலகை போட்டு அதன்மேல் மண்டியிடு. ஊறிய கூரை உன் எடையைத் தாங்காது. ஏறும்முன் அந்த ஜன்னல் ஓரத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டு அன்றே பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்