ஆற்றை ஒரே மட்டமாக்காதீர்கள்

தாமிரபரணியைச் சீர்படுத்தும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் படித்துறைக்குக் கீழே போன மாதம் நடந்த தூர்வாரும் வேலை உங்களுக்குத் தெரியும். தண்ணீரை மூடிப் படரும் அமலைச்செடியை எடுக்கத்தான் பொக்லைன் வந்தது. எடுத்தது சரிதான், நாங்களே கேட்டிருந்தோம். ஆனால் வேலை செடியோடு நிற்கவில்லை. கூழாங்கல் திட்டு, மணல், நாணல் கரை எல்லாவற்றையும் சேர்த்து வழித்துக் கரையில் கொட்டினார்கள். இப்போது அந்த இடம் வாய்க்கால் மாதிரி ஒரே மட்டமாக இருக்கிறது.

மறுநாள் காலை குளிக்கப் போனேன். கரையில் கொட்டிய குவியல் முழுக்கச் சிப்பிகள். சில இறுக மூடிக் கிடந்தன, சில வெயிலில் வாய் பிளந்துவிட்டன. என் பேத்தியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் உயிரோடிருந்தவற்றை வாளியில் பொறுக்கி ஆற்றில் விட்டார்கள். சிப்பிக்குப் பாதி உடம்பு புதைய மணல் வேண்டும். அங்கே மிஞ்சியிருந்தது கெட்டிக் களிமண். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், விட்ட இடத்திலேயே திறந்து செத்துக் கிடந்தன. "தண்ணியிலதான தாத்தா விட்டோம்?" என்று பேத்தி அழுதாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வேலையை மேற்பார்த்தவரிடம் அன்றே கேட்டேன். "ஆறு பூரா ஒரே தண்ணிதான சார், மீனு எங்கயும் இருந்துக்கிடும்லா" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இருந்துகொள்ளாது ஐயா. தண்ணீர் கல்லில் மோதிச் சலசலத்து ஓடும் இடத்தில் காற்று நன்றாகக் கலக்கிறது. அங்கே ஒரு கல்லைப் புரட்டினால், மூன்று வால் இழைகளோடு தட்டையாக ஒட்டியிருக்கும் பூச்சிக்குஞ்சைப் பார்க்கலாம். பொடிக்கல்லை வாயிலிருந்து வரும் பட்டிழையால் கோத்துக் கூடு கட்டியிருக்கும் புழுவையும் பார்க்கலாம். நாலு முழம் தள்ளி மணலில் அயிரை. நாணல் வேரில் இறாலும் தட்டானின் குஞ்சும். கசத்தில், அதாவது ஆழமான பள்ளத்தில், பெரிய மீன்கள். ஒன்றின் வீட்டில் இன்னொன்று குடியிருக்காது. சிப்பியின் குஞ்சு மீன் செவுளில் ஒட்டிக்கொண்டுதான் வேறு இடத்துக்குப் போய்ச் சேரும். அந்த மீன் வந்து நிற்க இடம் இல்லாவிட்டால் சிப்பியும் அத்தோடு போச்சு.

ஏற்கெனவே இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடலில் பிறந்து, ஆறு கடலில் சேரும் புன்னக்காயல் வழியாக ஏறி வர வேண்டிய விலாங்கு மீனுக்கு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டே பெரிய தடை. அணைகள் நமக்குச் சோறு போடுகின்றன, அவற்றைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் அணைக்கும் அணைக்கும் நடுவே மிச்சமிருக்கும் கல்லையும் மணலையுமாவது விட்டுவைக்கக் கூடாதா? பாபநாசத்தில் பரிகாரமென்று ஆற்றோடு விடும் துணிகள், திருநெல்வேலி நகரத்தில் கலக்கும் சாக்கடை என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! சாக்கடை சேரும் இடத்தில் சேற்றைக் கிளறிப் பாருங்கள், சிவப்புப் புழு மட்டும் கொத்துக் கொத்தாக நெளியும். மற்ற எதுவும் அங்கே தாங்காது. அதைச் சரிசெய்ய வராத இயந்திரம், நன்றாக இருந்த கல்திட்டுக்கு மட்டும் எப்படி வந்தது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: ஆற்றை ஒரே மட்டமாக்காதீர்கள். அமலையை எடுங்கள், படுகையைத் தொடாதீர்கள். இயந்திரத்தை இறக்கும் முன், தண்ணீர் குறைந்திருக்கும் நாளில், வலை போடும் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். எது கல்திட்டு, எது கசம் என்று அவரே காட்டுவார். நாணலை எடுத்தே ஆக வேண்டுமென்றால் இந்த வருடம் ஒரு கரை, அது துளிர்த்த பிறகு மறு கரை என்று வையுங்கள்.

எங்கள் படித்துறையில் கொட்டிய கல்லும் மணலும் இன்னும் கரையிலேயே கிடக்கின்றன. யாராவது லாரியில் அள்ளிப் போகும் முன், ஐப்பசி மழைக்கு முன், அவற்றை ஆற்றிலேயே திருப்பிப் போடச் சொல்லுங்கள். எந்த நாள் என்று தெரிவித்தால் காலை ஆறு மணிக்கே வந்து, கல்திட்டு இருந்த இடத்தைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்