எக்ஸ்போர்ட் செய்யும்போது அளவுகள் வெறும் எழுத்தாகிவிடுவது பற்றிய முறைப்பாடு

அனுப்புநர்:
படவரைஞர்,
கட்டட வரைபடப் பணியகம்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

பொருள்: உங்கள் கட்டட வடிவமைப்பு மென்பொருளிலிருந்து டிடபிள்யூஜி கோப்பாக (ஓட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் கோப்பு வடிவம்) எக்ஸ்போர்ட் செய்தபோது, அதாவது மாற்றி வெளியே எடுத்தபோது, ஏற்பட்ட பிழையும், அதனால் வேலைத்தளத்தில் நடந்ததும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

பதினெட்டு வருடமாகப் படவரைஞராக இருக்கிறேன். காலி வீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலுவலகம். நானும் ஓர் உதவியாளரும்தான். கட்டடக் கலைஞர்கள் தரும் ஸ்கெச்சை முழு வரைபடமாக்குவதும், மாநகர சபைக்குக் கொடுக்க வேண்டிய பிளான்களைத் தயார் செய்வதும் எங்கள் தொழில். கடந்த வருடம் இரண்டு கணினிகளுக்கு உங்களிடம் சந்தா எடுத்தேன். எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அது பெரிய காசு. எடுக்குமுன் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "என்னோடு வேலை செய்யும் பொறியியலாளர்கள் எல்லாரும் ஓட்டோகேட்காரர்கள். இங்கே வரைவது அங்கே ஒழுங்காகப் போகுமா?" செய்துகாட்ட வந்த உங்கள் பிரதிநிதி "அப்படியே போகும், ஒன்றும் மாறாது" என்றார். நீங்கள் அனுப்பிய விலைக் கடிதத்திலும் 'டிடபிள்யூஜியோடு முழுமையான பரிமாற்றம்' என்று எழுதியிருக்கிறது. அதன் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அது உண்மையில்லை என்பதை நான் தெரிந்துகொண்டது தெஹிவளையில், அத்திவாரத்துக்கு வெட்டிய ஒரு கிடங்கின் ஓரத்தில் நின்றபடி.

8 பேர்ச் காணி. சதுர மீற்றரில் சுமார் 202. அதில் மூன்று மாடி வீடு, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டு மதில். நான் உங்கள் மென்பொருளில் முழு மொடலையும் வரைந்து, தூண்கள் வரும் பிளானை டிடபிள்யூஜியாக எக்ஸ்போர்ட் செய்து, கட்டமைப்புப் பொறியியலாளருக்கு அனுப்பினேன். வலப்பக்கம் மதிலோரமாக வரும் 'சி' வரிசைத் தூண்களின் அடித்தளம் மதிலின் அத்திவாரத்தோடு முட்டும் என்று கண்டு, அந்த வரிசை முழுவதையும் அவர் 150 மில்லிமீற்றர் உள்ளே தள்ளினார். சரியான முடிவு. ஸ்ட்ரெச் கட்டளையால் தூண், கோடு, டிமென்ஷன் (அளவைக் காட்டும் குறி) எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார். எல்லாம் நகர்ந்தன. 'பி' வரிசையிலிருந்து 'சி' வரிசைக்கு 3600 என்றிருந்த எண் மட்டும் 3600ஆகவே நின்றது. அது 3450 ஆகியிருக்க வேண்டும்.

ஏன் ஆகவில்லை என்றால், உங்கள் மென்பொருள் அந்த டிமென்ஷனை டிமென்ஷனாக எழுதவே இல்லை. சில கோடுகள், இரண்டு சாய்ந்த குறிகள், நடுவில் '3600' என்று நான்கு எழுத்து என உடைத்து எழுதிவிட்டது. உண்மையான டிமென்ஷன் இரண்டு புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தைத் தானே சொல்லும். புள்ளி நகர்ந்தால் எண்ணும் மாறும். உடைத்த பிறகு அதற்கும் அந்தப் புள்ளிகளுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மவுஸால் தொட்டால்தான் வித்தியாசம் தெரியும். ஒரு பிளானில் இருநூறு அளவுகள் இருக்கும்போது யார் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார்?

வரைபடம் அச்சாகி சைட்டுக்குப் போனது. மேசன் பாஸ் 'ஏ' வரிசையிலிருந்து டேப் பிடித்து 3600, அப்புறம் இன்னொரு 3600 என்று முளை அடித்தார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. எங்கள் வரைபடங்களின் மூலையில் எப்போதும் ஒரு குறிப்பு இருக்கும்: அளவுகோல் வைத்து அளக்க வேண்டாம், எழுதியுள்ள எண்ணையே பின்பற்றவும். அச்செடுக்கும்போதும் போட்டோகொப்பி எடுக்கும்போதும் படம் சிறுக்கலாம் என்பதால் வந்த பழக்கம் அது. கோட்டை நம்பாதே, எண்ணை நம்பு என்று நாங்களேதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்த எண்ணைத்தான் உங்கள் மென்பொருள் பொய்யாக்கியது.

இரண்டு கிடங்கு வெட்டி, மூன்றாவதில் இறங்கும்போது பக்கத்து மதிலின் அடிக்கல் வெளியே தெரிந்தது. பாஸ் வேலையை நிறுத்திவிட்டு எனக்குப் போன் எடுத்தார். முதல் நாள் இரவு நல்ல மழை, மண் ஊறிப் போயிருந்தது. எண் அப்படித்தானே இருக்கிறது என்று அவர் தொடர்ந்து வெட்டியிருந்தால்? மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடுகிற முற்றம். அவருடைய அனுபவத்தால் தப்பினோம். மதிலுக்கு முட்டுக் கொடுத்து, கிடங்குகளை மண் போட்டு இறுக்கி, திரும்ப வெட்ட 46,000 ரூபா போனது. வீட்டுக்காரர் என்னிடம் கேட்கவில்லை, நானாகவே கொடுத்தேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டதும் நான்தான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். ஒரு கோடு, ஒரு வட்டம், ஒரு டிமென்ஷன், ஒரு ஹட்ச் (பரப்பை நிரப்பும் கோலம்), ஒரு தமிழ்ச் சொல் மட்டும் உள்ள சின்னக் கோப்பைச் செய்து, உங்கள் எக்ஸ்போர்ட் பெட்டியிலுள்ள எல்லாத் தெரிவுகளிலும் அனுப்பித் திறந்தேன். 'தோற்றத்தைப் பேணு' என்ற தெரிவு டிமென்ஷனை உடைக்கிறது. 'திருத்தக்கூடியதாக' என்ற தெரிவு டிமென்ஷனை டிமென்ஷனாகவே தருகிறது, ஆனால் லேயர் (படத்தின் பகுதிகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு) பெயர்களைக் குழப்புகிறது. மென்பொருளை நிறுவும்போது தானாக வருவது முதல் தெரிவு. அளவுகள் உடையும் என்று எந்த இடத்திலும் ஒரு எச்சரிக்கை வரவில்லை.

முதல் தெரிவில் வட்டமும் கெடுகிறது. 1200 மில்லிமீற்றர் ஆரையுள்ள வட்டம் 24 நேர்கோட்டுத் துண்டுகளாக வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒவ்வொரு துண்டின் நடுப்பகுதியும் உண்மையான வளைவிலிருந்து 10 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக உள்ளே விழுகிறது. சுழல் படிக்குக் கைபிடிக் கம்பி வளைக்கிற ஆளிடம் இந்தப் படத்தைக் கொடுக்க முடியாது.

அடுத்தது தமிழ். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அந்த வீட்டுக்காரரின் தாயார் வரைபடத்தைத் தானே வாசித்துப் பார்க்க விரும்பினார். அதனால் சாமி அறை, சமையலறை, களஞ்சியம் என்று அறைகளின் பெயரைத் தமிழில் போட்டேன். எக்ஸ்போர்ட் ஆன கோப்பில் எல்லாம் கேள்விக்குறி. காரணம், உங்கள் மென்பொருள் எல்லா எழுத்தையும் எஸ்எச்எக்ஸ் (ஓட்டோகேட்டின் சொந்த எழுத்துரு வகை) எழுத்துரு ஒன்றுக்கு மாற்றிவிடுகிறது. அந்த எழுத்துருவில் தமிழ் கிடையாது. ஆனால் டிடபிள்யூஜியின் 2007 வடிவத்திலிருந்தே எழுத்துகள் யூனிகோடில் சேமிக்கப்படுகின்றன. லதா எழுத்துரு விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கிறது, நிர்மலா விண்டோஸ் 8இலிருந்து. இப்படி விண்டோஸோடு வரும் ட்ரூடைப் எழுத்துருவை அப்படியே விட்டிருந்தால் தமிழும் அப்படியே போயிருக்கும். தமிழும் சிங்களமும் ஆட்சிமொழிகளாக இருக்கும் நாட்டில், கொழும்பில் அலுவலகம் வைத்து விற்கும் நீங்கள், விற்குமுன் ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி எக்ஸ்போர்ட் செய்து பார்த்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. சிங்களத்தில் எழுதும் என் நண்பர் ஒருவருக்கும் இதே கேள்விக்குறிகள்தான் வந்தன.

இன்னும் இரண்டு. 2010 வடிவத்தைத் தெரிவு செய்து அனுப்பிய கோப்பை நோட்பேடில் திறந்தால் முதல் ஆறு எழுத்து ஏசி1032 என்று இருக்கிறது. அது 2018 வடிவத்தின் அடையாளம். 2010 என்றால் ஏசி1024 என்று இருக்க வேண்டும். பழைய ஓட்டோகேட் வைத்திருப்பவர்களால் அதைத் திறக்கவே முடியாது. அலகும் போவதில்லை. மில்லிமீற்றரா மீற்றரா என்ற விவரம் இல்லாமல் கோப்பு போய்ச் சேர்கிறது, வீடு ஆயிரம் மடங்கு சின்னதாகத் திறக்கிறது. இது பார்த்த உடனே தெரிகிற பிழை, ஆகவே யாருக்கும் ஆபத்தில்லை.

எல்லாவற்றுக்கும் உங்கள் மேல் பழி போடவும் நான் விரும்பவில்லை. நில அளவையாளர் தந்த கோப்பை உள்ளே எடுத்தபோது கோடுகள் நடுங்கின. தேசிய ஆள்கூற்று முறையில் கொழும்பு கிழக்காக ஏறத்தாழ 398,000 மீற்றரில் விழுகிறது. ஆரம்பப் புள்ளியிலிருந்து அவ்வளவு தூரத்தில் வரைந்தால் பல மென்பொருட்கள் தடுமாறும். படத்தைப் பக்கத்தில் நகர்த்தி வைத்து, அந்தத் தூரத்தைக் குறித்துக்கொண்டு வேலை செய்யப் பழகிவிட்டேன். கையேட்டில் இலங்கைக்காரர்களுக்காக ஒரு பத்தி எழுதினால் நல்லது, அவ்வளவுதான்.

உங்கள் உதவிப் பிரிவுக்கு இதையெல்லாம் மெயிலில் எழுதினேன். இரண்டு பதில் வந்தது. ஒன்று, டிடபிள்யூஜி எங்கள் வடிவம் இல்லை, அதனால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்பது. அது இன்னொரு கம்பனியின் வடிவம் என்பது எனக்கும் தெரியும். 1982இல் ஓட்டோகேட் வந்த நாளிலிருந்து அதன் கோப்புதான். மற்றவர்கள் அதை வாசிக்கவும் எழுதவும் வேண்டுமென்றே 1998இல் ஒரு கூட்டமைப்புத் தொடங்கி இன்றுவரை வேலை செய்கிறது. அதை விடுங்கள். உங்கள் இரண்டாவது தெரிவு டிமென்ஷனைச் சரியாக எழுதுகிறதே! அப்படியானால் உங்களால் முடியும். தானாக வரும் தெரிவாக அதை வைக்கவில்லை, அதுதான் குறை.

இரண்டாவது பதில், ஐஎப்சி கோப்பாக அனுப்புங்கள் என்பது. ஐஎப்சி நல்ல வடிவம்தான். திறந்த வடிவம், ஐஎஸ்ஓ 16739 என்ற சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. ஆனால் அது சுவர், தூண், கதவு என்று மொடலைக் கொண்டுபோக வந்தது. பொறியியலாளர் திருத்தி, அச்செடுத்து, பாஸின் கையில் கொடுக்க வேண்டிய அளவெழுதிய பிளானுக்கு அது பதிலாகாது. என் கேள்வியைப் பதில் எழுதியவர் முழுதாக வாசித்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார்.

எனக்கு உங்கள் மென்பொருள் பிடிக்கும். ஒரு சுவரை நகர்த்தினால் பிளான், வெட்டுமுகம், முகப்பு எல்லாம் ஒன்றாக மாறுகிற வசதிக்காகத்தான் பழைய முறையை விட்டு வந்தேன். மொடலுக்குள் அவ்வளவு ஒழுங்காகச் சேர்ந்திருக்கும் எண்ணும் கோடும், வெளியே அனுப்பும்போது மட்டும் ஏன் பிரிய வேண்டும்? வீடு கட்டுவது ஒரு ஆள் வேலை இல்லை. என் படம் பொறியியலாளர், கம்பி கட்டுபவர், தச்சர், மின்வேலை செய்பவர் என்று ஐந்தாறு கைகளுக்குப் போகிறது. அவர்களிடம் போய்ச் சேரும்போது பிழையாக இருக்கிற படம், என் திரையில் எவ்வளவு சரியாக இருந்தாலும் பிழையான படம்தான்.

ஆகவே நான் கேட்பது இவை. 'திருத்தக்கூடியதாக' என்ற தெரிவே தானாக வரும்படி மாற்றி, அதில் லேயர் பெயர்கள் கெடாமல் சரிசெய்ய வேண்டும். மற்றத் தெரிவை அழுத்துபவருக்கு, அளவுகள் எழுத்தாக மாறும் என்று திரையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழையும் சிங்களத்தையும் எஸ்எச்எக்ஸுக்கு மாற்றக் கூடாது. 'முழுமையான பரிமாற்றம்' என்ற வாசகத்தை இது சரியாகும்வரை விலைக் கடிதங்களிலிருந்து எடுக்க வேண்டும். என் கையிலிருந்து போன 46,000 ரூபாவை அடுத்த வருடச் சந்தாவில் கழித்துத் தர வேண்டும். முப்பது நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு அனுப்புவேன்.

ஆனால் ஒன்றுக்கு முப்பது நாள் பொறுக்க முடியாது. இலங்கையிலுள்ள உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் இந்தத் தெரிவைப் பற்றி இந்த வாரமே ஒரு மெயில் அனுப்புங்கள். ஏற்கெனவே அனுப்பிய கோப்புகளில் டிமென்ஷன்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலம் தொடங்கப் போகிறது, பல இடங்களில் மதிலோரமாக அத்திவாரம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். மெயிலில் என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் கூப்பிடுங்கள், சோதனைக் கோப்பை நானே கொண்டுவந்து உங்கள் கணினியில் திறந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
படவரைஞர்,
வெள்ளவத்தை.

இணைப்பு: விலைக் கடிதத்தின் பிரதி, சோதனைக் கோப்புகள், வேலைத்தளத்தில் எடுத்த படங்கள், செலவுப் பற்றுச்சீட்டுகள்.