கிழிந்த சட்டைக்கும் விலை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

1970களில் கலகக் குரலாகக் கிளம்பிய முரட்டு ராக் இசையான பங்க் இசை பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அண்ணன் வேலைக்குப் போய்த் தவணையில் சாமான் வாங்கி வீட்டை நிரப்புகிறான், தம்பி பங்க் பாணியில் முடியைக் குத்திட்டு நிறுத்திக்கொண்டு தெருவில் திரிகிறான், இருவருக்கும் பேச்சு நின்று போச்சு, ஆக நுகர்வுச் சமூகத்தை உதறியவன் தம்பிதான் என்கிறார் கட்டுரையாளர். அவ்வளவு சுலபமா? தம்பியின் தோல் ஜாக்கெட்டை விற்றது யார்? லண்டன் கிங்ஸ் ரோட்டில் மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்திய துணிக்கடையைச் சுற்றித்தான் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவே உருவானது. முதலில் கடை, அப்புறம்தான் கலகம்.

பேசாத சகோதரர்கள் என்றால் ரமோன்ஸ் என்ற பங்க் குழுவை எப்படி விட்டார் என்று தெரியவில்லை. 1974ல் நியூயார்க்கில் தொடங்கிய அந்தக் குழுவில் யாரும் கூடப்பிறந்தவர்கள் இல்லை, ஆனாலும் எல்லாரும் ரமோன் என்று ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். குழுவின் பாடகர் ஜோயியின் காதலி அவரைப் பிரிந்து, கிட்டார் வாசித்த ஜானியை மணந்தார். அதன்பின் இருவருக்கும் பேச்சே இல்லாமல் போனது, ஆனால் 1996 வரை சேர்ந்து ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள், வீட்டில் முகம் பார்க்காமல் கடையை மட்டும் சேர்ந்து நடத்துகிற பங்காளிகள் மாதிரி. 2001ல் ஜோயி சாகும்வரை சமாதானம் ஆகவில்லை. கலகக்காரர்களையும் கட்டிவைத்தது பிழைப்புதான். இன்று ஒரு பாட்டுகூடக் கேட்காதவர்கள் அவர்கள் சின்னம் போட்ட டி-ஷர்ட்டை வாங்கிப் போடுகிறார்கள்.

2016ல் மெக்லாரனின் மகன் ஜோ கோரே, தன்னிடமிருந்த பங்க் பொருட்களைத் தேம்ஸ் ஆற்றில் படகில் வைத்துக் கொளுத்தினார். சரி, துணிச்சல்தான். ஆனால் மதிப்பு 50 லட்சம் பவுண்ட் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுக் கொளுத்தினால் அதுவும் விலைச்சீட்டு தானே!

நிஜமாகவே உதறியவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. இங்கிலாந்தின் க்ராஸ் குழு, இந்த விலைக்கு மேல் காசு கொடுக்காதீர்கள் என்று இசைத்தட்டின் உறையிலேயே அச்சிட்டது. வாஷிங்டனின் ஃபுகாஸி குழு டிக்கெட்டைப் பெரும்பாலும் 5 டாலர் அளவிலேயே வைத்திருந்தது, டி-ஷர்ட் விற்கவே இல்லை. அந்தக் குழுவின் இயன் மெக்கே 1980ல் நண்பர்களோடு தொடங்கிய டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம்தான் அவர் தம்பி அலெக் பாடிய குழுவின் இசைத்தட்டையும் வெளியிட்டது. இந்த அண்ணன் தம்பியைப் பற்றியும் உங்கள் கட்டுரையாளர் எழுதலாமே.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்