அந்த அலகைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். முதுகலை அரசியல் அறிவியலின் புதிய பாடத்திட்டத்தில் 'நவீன அரபு அரசியல் சிந்தனை' அலகைக் காணோம். நேரம் போதவில்லை என்று சுற்றறிக்கையில் ஒரே வரி. அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

11 ஆண்டுகளாக இதை நடத்துகிறேன். எங்கள் நூலகத்தில் இருப்பது ஒரே ஒரு ஆங்கிலப் புத்தகம். அதை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு, 30 பேர் மாற்றி மாற்றிப் படிக்கிறோம். ஓரமெல்லாம் பென்சிலில் தமிழ் அர்த்தம்; ஒவ்வொரு வருடப் பிள்ளைகளும் அடுத்து வருகிறவர்களுக்காக எழுதி வைத்தது. அப்படிச் சேர்த்த பாடத்தை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டீர்கள்.

அந்த அலகில் வரும் சிந்தனையாளர் அல்-கவாகிபி, சிரியாவின் அலெப்போவில் பிறந்தவர்; தான் நடத்திய பத்திரிகையை அன்று அந்தப் பகுதியை ஆண்ட ஒட்டோமான் துருக்கிப் பேரரசின் அதிகாரிகள் மூடியதைப் பார்த்தவர். பிறகு கெய்ரோவுக்குப் போய், 1902இல் இறப்பதற்குள் கொடுங்கோன்மையின் இயல்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கொடுங்கோலன் மக்களை அடக்குவதோடு நிற்பதில்லை. அவர்களுடைய குணத்தையே கெடுக்கிறான், பயத்தைப் பழக்கமாக்குகிறான் என்பது அவர் வாதம். ஆளப்படுகிறவர்களுக்கு அரபியில் 'ரஇய்யா' என்று பெயர். மேய்க்கப்படும் மந்தைக்கும் அதே வேர்தான். அந்த இடத்துக்கு 'முவாத்தின்', அதாவது தாய்நாட்டில் உரிமையுள்ள குடிமகன், என்ற சொல் வந்து சேர்ந்த கதைதான் அந்த அலகு முழுக்க.

இதை நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து, "எங்க தாத்தா நிலப் பத்திரத்துல ரயத்துவாரின்னு இருக்கே சார், அந்த ரயத்தா?" என்று கேட்டாள். அதேதான். நிலவரியை உழவரிடமே நேராக வசூலித்த ரயத்துவாரி முறையில் உழவரைக் குறிக்கும் 'ரயத்', அரபியிலிருந்து பாரசீக மொழி வழியாக நம் ஊர் வருவாய்த் துறைக்கு வந்த சொல். அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மேற்கத்தியச் சிந்தனையாளர்களில் பிளேட்டோவுக்கு நேரம் இருக்கிறது, ஹாப்ஸுக்கு இருக்கிறது. கிலாஃபத், அதாவது கலீஃபாவின் ஆட்சி, மார்க்கக் கடமை அல்ல என்று 1925இல் எழுதியதற்காக, கெய்ரோவின் அல்-அஸ்ஹர் கல்வி நிறுவனத்து உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட அலி அப்துர் ராஸிக்குக்கு இல்லையா? 2011இல் ஆட்சியாளர்களை எதிர்த்து மக்கள் எழுந்தபோது துனீசியத் தலைநகர் தூனிஸிலும் கெய்ரோவிலும் "மக்கள் விரும்புகிறார்கள்" என்றுதான் முழக்கம் தொடங்கியது. நூறாண்டு விவாதம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அரபு நாடு என்றால் எண்ணெய், போர், விசா என்று மட்டும் தெரிந்த பிள்ளைகளை அனுப்பி வைப்பதற்கா முதுகலை வகுப்பு நடத்துகிறோம்? கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும்.

சரி, முழு அலகுக்கு இடமில்லை என்றால் 6 வகுப்பாவது கொடுங்கள். ஆனால் சேர்த்துவிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைத்தால் அந்த ஸ்பைரல் பிரதியோடு வருகிறேன். ஓரத்தில் உள்ள பென்சில் எழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசியல் அறிவியல் ஆசிரியர்